செங்கல் மீண்டும் செங்கல் ஆகுமா? கட்டடத் தொழிலில் சுழற்சிப் பொருளாதாரத்தை மதிப்பிடும் முறை

கோலாலம்பூரில் தமிழர் மிகுதியாக வாழும் பகுதிகளுள் பிரிக்பீல்ட்ஸ் ஒன்று. அப்பெயரின் பொருள் செங்கற்களம் என்பது. நாள்தோறும் அப்பெயரைச் சொல்லுகிறோமேயன்றி அதன் பொருளை எண்ணுவதில்லை. 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெருந்தீ ஒன்று கோலாலம்பூரை எரித்தது. அவ்வாண்டின் இறுதியில் வெள்ளம் வந்து எஞ்சியதையும் அழித்தது. மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு எழுந்த ஊர் அது. 1882இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹம், செங்கல்லும் ஓடும் கொண்டே இனி ஊர் கட்டப்பெற வேண்டும் என்று வகுத்தார். சீனரின் தலைவராக விளங்கிய காப்பித்தான் யாப் ஆ லோய் சூளைகளை அமைத்தார். களிமண் வெட்டிய களமே ஊருக்குப் பெயராயிற்று. 1897இல் கட்டி முடிந்த சுல்தான் அப்துல் சமாது மாளிகைக்கு மட்டும் ஏறக்குறைய 40 இலட்சம் செங்கற்கள் செலவாயின என்பர்.

சூளைகள் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. அவற்றின் பின் அவ்விடத்தில் புகைவண்டிப் பணிமனைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் எழுந்தன. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தோர் அங்கே நிலைகொண்டனர். 2001இல் பழைய சரக்கு வண்டித் தளத்தின்மேல் 'கே.எல். சென்ட்ரல்' நிலையம் திறக்கப்பெற்றது. அதனைச் சுற்றி வானளாவிய கட்டடங்கள் வந்தன. இத்தனை மாற்றத்துள் பழைய செங்கற்கள் எங்கே போயின? 1904இல் கட்டப்பெற்ற விவேகானந்தா ஆசிரமம்போல் நிலைத்து நிற்கும் சுவர்களில் சில உள்ளன. மற்றவற்றுள் பெரும்பகுதி உடைந்து, பள்ளம் நிரப்பும் மண்ணோடு மண்ணாயிற்று என்று கொள்ளுவதே பொருந்தும்.

இக்கேள்வி பழமை விரும்புவோரின் கேள்வி மட்டும் அன்று. இன்று பொறியியலாரும் கேட்கும் கேள்வி. மண்ணை வெட்டுகிறோம், சுடுகிறோம், கட்டுகிறோம், இடிக்கிறோம், கொட்டுகிறோம். தொடக்கமும் முடிவும் உடைய இந்த நேர்வழியை விட்டு, பொருளை இயன்ற அளவு நெடுங்காலம் பயனிலேயே வைத்திருப்பதைச் சுழற்சிப் பொருளாதாரம் என்கின்றனர். சொல் புதிது, செயல் பழையது. நான் பயிற்சி முடித்து முதன்முதலில் பணியாற்றிய தோட்டத்தில் லயங்களைக் கலைத்தபோது, பலகையும் தகரமும் ஒரு வாரத்தில் மறைந்தன. பெண்கள் கல்லின்மேல் வைத்து ஆணிகளைத் தட்டி நிமிர்த்தித் தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தனர். எவரும் அவர்களுக்குச் சான்றிதழ் அளிக்கவில்லை. இன்று சான்றிதழ் உண்டு, புள்ளிகள் உண்டு, நூற்றுவீதம் உண்டு. அவை எதை அளக்கின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

எடை மேடை சொல்லுவதும் சொல்லாததும்

ஆசிரியப் பெருமக்களுக்கு மதிப்பீடு புதிதன்று. ஒரு தேர்வு நல்ல தேர்வா என்று அறிய இரண்டு கேள்விகளை நாம் பயிற்சிக் கல்லூரியில் கற்றோம். யார் திருத்தினாலும் அதே மதிப்பெண் வருகிறதா என்பது ஒன்று. அதனை நம்பகம் என்போம். அளக்கக் கருதியதையே தேர்வு அளக்கிறதா என்பது மற்றொன்று. அதனை ஏற்புடைமை என்போம். மாணவனின் உயரத்தை அளந்து அவன் தமிழறிவை முடிவு செய்தால், நம்பகத்தில் குறை இராது. ஏற்புடைமை அறவே இராது.

கட்டடத் துறையில் மிகப் பரவலாக உள்ள அளவுகோல் எடை. இடிபாட்டில் எத்தனை விழுக்காடு குப்பைமேட்டிற்குப் போகாமல் தப்பியது என்று பார்ப்பர். ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் இயற்றிய கழிவு நெறிமுறை, கட்டட இடிபாட்டில் எடைப்படி 70 விழுக்காட்டை 2020க்குள் மீட்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. தோண்டிய இயற்கை மண் அக்கணக்கில் சேராது. ஆனால் பள்ளத்தில் கொட்டி நிரப்புவதும் 'மீட்பு' என்றே ஏற்கப்பட்டது. நெதர்லாந்து 90 விழுக்காட்டுக்கும் மேல் காட்டி வருகிறது. அதன் பெரும்பகுதி எங்கே போகிறது என்றால், நொறுங்கிய சல்லியாகச் சாலைக்கு அடியில்! சாலைக்கும் அடித்தளம் வேண்டும், மலையை உடைப்பதைவிட இடிபாட்டைப் போடுவது மேல், ஐயமில்லை. ஆயினும் சுவரில் நிற்கத் தகுந்த செங்கல்லைச் சாலைக்கு அடியில் புதைத்துவிட்டு, 'பொருள் சுழன்றது' என்று சொல்லலாமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காக நான் வைத்துக்கொண்டவை. பழைய ஈரடுக்குக் கடைவீடு ஒன்றை இடித்தால் 100 டன் வருகிறது என்க. செங்கல்லும் சாந்தும் 60, கான்கிரீட் 25, மரம் 8, ஓடு 4, இரும்பு 3. முதல் ஒப்பந்தக்காரர் இயந்திரத்தைக் கொண்டுவந்து இரண்டு நாளில் வீட்டைத் தரைமட்டம் ஆக்குகிறார். செங்கல், கான்கிரீட், ஓடு ஆகிய 89 டன்னும் நொறுக்கும் ஆலைக்குப் போய்ச் சல்லியாகின்றன. இரும்பு 3 டன் பழைய இரும்புக்காரரிடம் போகிறது. மரம் குப்பைக்கு. அவர் பெறும் மதிப்பெண் 92.

இரண்டாம் ஒப்பந்தக்காரர் கையால் பிரிக்கிறார். 20 டன் செங்கல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி கட்ட விற்கிறார். ஒரு கல் 3 கிலோ என்று கொண்டால் ஏறக்குறைய 6,600 கற்கள். மரத்தில் 6 டன், ஓட்டில் 3 டன் அப்படியே மற்றொரு வீட்டிற்குப் போகின்றன. இரும்பு 3 டன் உருக்காலைக்கு. அவருக்கு அருகில் நொறுக்கும் ஆலை இல்லை; எஞ்சியது குப்பைமேட்டிற்குப் போகிறது. அவர் மதிப்பெண் 32. எடை மேடையின் கண்ணில் இவர் தோற்றவர்.

மூன்றாமவர் ஒருவரைக் கற்பனை செய்வோம். இரண்டாமவரைப் போலவே பிரித்தெடுத்து, எஞ்சிய கல்லையும் கான்கிரீட்டையும் நொறுக்க அனுப்புகிறார். 2 டன் மரம் தவிர எல்லாம் தப்புகிறது, மதிப்பெண் 98. முதலாமவரின் 92க்கும் இவருடைய 98க்கும் ஆறே வேறுபாடு. ஆனால் முதலாமவரிடம் கல்லாகவோ மரமாகவோ ஓடாகவோ திரும்பியது ஒன்றுமில்லை; இவரிடம் 29 டன் தன் உருவிலேயே திரும்பியிருக்கிறது. 29 டன்னின் வேறுபாட்டை 6 புள்ளிக்குள் மறைக்கும் அளவுகோலில் நம்பகம் இருக்கலாம், ஏற்புடைமை குறைவு.

இக்குறையை உணர்ந்தே நெதர்லாந்தின் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு நிறுவனத்தார் 2017இல் பத்துப் படி கொண்ட ஏணி ஒன்றை வகுத்தனர். வேண்டாததை மறுத்தல் மேற்படி. உள்ளதை மறுபடி பயன்படுத்தல், பழுது பார்த்தல், புதுப்பித்தல் ஆகியன நடுப்படிகள். உடைத்து வேறொன்றாக்கும் மறுசுழற்சி மேலிருந்து ஒன்பதாம் படி. எரித்துச் சூடு பெறுவது பத்தாவது. நம் ஊரில் மறுசுழற்சி என்ற சொல்லே எல்லாவற்றிற்கும் தலையாயது போல ஒலிக்கிறது. ஏணியின் அடியில் நின்றுகொண்டு உச்சியில் நிற்பதாக எண்ணுகிறோம்!

எடையைத் தாண்டிய சூத்திரங்களும் உள்ளன. எல்லன் மெக்ஆர்தர் அறநிறுவனம் 2015இல் வெளியிட்ட பொருட்சுழற்சிக் குறியீட்டில் பொருளின் ஆயுளும் சேர்கிறது. ஒரு சுவருக்கு வேண்டிய 100 டன்னில் 80 டன் புதிதாக வெட்டியது, இறுதியில் 60 டன் குப்பையாகும் என்க. 80ஐயும் 60ஐயும் கூட்டி 200ஆல் வகுத்தால் 0.7. அத்துடன் 0.9ஐப் பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் 0.37. அச்சுவர் வழக்கமான ஆயுளைப் போல் இருமடங்கு காலம் நின்றால், 0.9 பாதியாகி 0.45 ஆகும், விடை 0.685. ஒரு கல்லைக்கூட மாற்றாமல், இடிக்காமல் விட்ட ஒன்றினாலேயே மதிப்பு ஏறத்தாழ இருமடங்காயிற்று. எடை மேடைக்கு இது புலப்படவே புலப்படாது. 2024இல் வந்த ஐ.எஸ்.ஓ. 59020 என்னும் உலகத் தரமும், சுழற்சியை அளப்பதற்கென்றே எழுதப்பெற்றது.

சாந்தின் வேறுபாடு

செங்கல் மீண்டும் செங்கல் ஆவது பெரும்பாலும் கல்லைப் பொறுத்ததன்று. இரு கல்லுக்கு இடையிலுள்ள சாந்தைப் பொறுத்தது. பழைய கட்டடங்களில் சுண்ணாம்புச் சாந்து பயன்பட்டது. காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு மெல்ல இறுகுவது அது. இறுகிய பின்னும் செங்கல்லைவிட மென்மையாகவே இருக்கும். சுவரைப் பிரிக்கும்போது சாந்து விட்டுக்கொடுக்கிறது. கல் முழுமையாக வருகிறது. சிமிண்டுச் சாந்து நீருடன் வினைபுரிந்து கல்லைக் கவ்விப் பிடிக்கிறது. பிரிக்க முயன்றால் சாந்து பிளக்குமுன் கல் பிளக்கிறது. ரவாங்கில் 1953இல் சிமிண்டு ஆலை எழுந்த பின் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் சிமிண்டின் ஆட்சியே. ஆகையால் ஒரு வியப்பான முடிவுக்கு வருகிறோம். நூறாண்டுக்கு முற்பட்ட பிரிக்பீல்ட்ஸ் சுவரின் கல்லைத் திருப்பிப் பயன்படுத்துவது எளிது. நாற்பது ஆண்டுக்கு முற்பட்ட அடுக்குமாடிச் சுவரின் கல்லைப் பயன்படுத்துவது அரிது.

டென்மார்க்கில் இதே சிக்கல் வந்தது. கோபன்ஹேகனில் 'ரிசோர்ஸ் ரோஸ்' என்னும் குடியிருப்பை 2019இல் கட்டி முடித்த லென்டேகர் என்ற கட்டடக் கலைக் கூடத்தார், கார்ல்ஸ்பர்க் மது ஆலை உள்ளிட்ட பழைய கட்டடங்களின் சுவரைக் கல்கல்லாகப் பிரிக்க இயலாது என்று கண்டனர். ஆகவே சுவரையே சதுரம் சதுரமாக அறுத்தெடுத்து, புதிய கட்டடத்தின் முகப்பில் ஒட்டுப் புடவைபோல் பதித்தனர். கெட்டிக்காரத்தனம்தான்; ஆனால் அறுக்கும் வாளுக்கும் தூக்கும் பாரந்தூக்கிக்கும் ஆகும் செலவை நோக்க, முதலிலேயே பிரியத் தக்க சாந்தை இட்டிருந்தால் எவ்வளவு நலம் என்று தோன்றாமல் இராது.

இணைப்பின் சிறப்பை நம் தலைநகரின் வேறொரு கட்டடமும் உணர்த்தும். 1964இல் கோலாலம்பூர் ஜாலான் பெக்கெலிலிங்கில், ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து பொருத்தும் டேனிஷ் முறையில் 17 மாடி கொண்ட 7 கட்டடங்கள் எழத் தொடங்கின. பகுதி பகுதியாக வந்தவை பகுதி பகுதியாகப் பிரியும் என்று எவரும் எண்ணக்கூடும். ஆனால் மூட்டுகளில் கான்கிரீட்டை ஊற்றி ஒன்றாக்கிவிட்டனர். 2010களில் அவற்றை அகற்றியபோது, பொருத்தியதைக் கழற்றுவதாக இல்லை அவ்வேலை, இடிப்பதாகவே இருந்தது. விளையாட்டுக் கட்டைகளைப் பசை போட்டு ஒட்டிவிட்டால் அவை கட்டைகளாக இருப்பதில்லை.

2008 முதல் அரசாங்கத்தின் கட்டடத் திட்டங்கள் இத்தகைய தொழிலியல் கட்டட முறையில் 100க்கு 70 புள்ளியாவது பெற வேண்டும் என்பது விதி. அப்புள்ளி எவ்வளவு பகுதி ஆலையில் ஆயத்தமாயிற்று என்று அளக்கிறது. களத்தில் வீணாவது குறைகிறது. பலகை அடித்து உடைத்து எறிவது குறைகிறது. நூறு தடவைக்கும் மேல் பயன்படும் அலுமினிய அச்சுகள் வந்து, சில தடவையிலேயே குப்பையாகும் ஒட்டுப்பலகையை விலக்கி வருகின்றன. நல்லதே. ஆனால் பின்னாளில் கழற்ற முடியுமா என்று அப்புள்ளி கேட்பதில்லை.

புள்ளிப் பட்டியல்

2009இல் நம் நாட்டில் பசுமைக் கட்டடக் குறியீடு தோன்றியது. கட்டடக் கலைஞர் சங்கமும் ஆலோசகப் பொறியியலார் சங்கமும் இணைந்து உருவாக்கியது. குடியிருப்பல்லாத புதுக் கட்டடங்களுக்கென அது வகுத்த 100 புள்ளிகளில் ஆற்றல் சிக்கனத்திற்கு 35. பொருள்களுக்கும் வளங்களுக்கும் 11. அந்த 11இல் பழைய பொருளை மறுபடி பயன்படுத்துவதற்கு 2. மறுசுழற்சிப் பொருளுக்கு 2. இடிபாட்டு மேலாண்மைக்கு 2. மறுபயனுக்குரிய 2 புள்ளியையும் பெற, மொத்தப் பொருட்செலவில் 5 விழுக்காடு பழைய பொருளாய் இருந்தால் போதும். 86 புள்ளி பெற்றால் பிளாட்டினம். அதாவது பொருள் பகுதியில் ஒரு புள்ளியும் பெறாமல், ஏனையவற்றில் எஞ்சிய 89இல் 86ஐப் பெற்று மிக உயர்ந்த தகுதியை எட்டுவது கணக்களவில் இயலும். வெப்ப நாட்டில் குளிர்சாதனத்திற்கு ஆகும் மின்சாரம் பெரிது என்பதால் ஆற்றலுக்கு முதலிடம் தந்தனர். அதில் குறை காணவில்லை. ஆனால் அச்சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கும் கட்டடம் சுழற்சிப் பொருளாதாரத்திற்கும் சான்று என்று எண்ணுவது, கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கியவனைத் தமிழிலும் முதல்வன் என்பதை ஒக்கும்.

மறுசுழற்சிப் பொருள் என்ற தலைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. கிள்ளானை அடுத்த காப்பார் மின்நிலையத்தில் நிலக்கரி எரிந்து வரும் பறக்கும் சாம்பலைச் சிமிண்டுக்கு மாற்றாகக் கான்கிரீட்டில் சேர்க்கலாம். சிமிண்டு ஆக்கத்தால் உலகக் கரியமில வாயு வெளியீட்டில் ஏழெட்டு விழுக்காடு எழுவதால், சாம்பல் சேர்ப்பது நன்மையே. எனினும் நிலக்கரி எரிவதை நிறுத்த வேண்டும் என்று ஒரு பக்கம் பேசிக்கொண்டு, அதன் சாம்பலைச் சுழற்சி என்று மறுபக்கம் கொண்டாடுவது நீடிக்காது. அது ஒரு புகைபோக்கியின் ஆயுள் உள்ளவரை கிடைக்கும் உபகாரம், சுழல்வதன்று. கட்டட இரும்பே உண்மையில் நன்கு சுழல்வது. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் கிள்ளான் வட்டாரத்தில் இயங்கி வந்திருக்கின்றன. விலை இருப்பதால் எவரும் இரும்பைக் கொட்டுவதில்லை. செங்கல்லுக்கு அத்தகைய விலை இல்லை என்பதே அதன் கேடு.

நிருவாக எல்லை ஒன்றும் இடையே குறுக்கிடுகிறது. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பரில் கோலாலம்பூரில் நடைமுறைக்கு வந்தது. கட்டடக் கழிவையும் அது தன் வரம்பில் சேர்த்தது. சிலாங்கூர் அப்போது அதனை ஏற்கவில்லை. தன் ஊராட்சி மன்றங்களின் வழியே கழிவைக் கவனித்தது. பள்ளத்தாக்கு ஒன்று, ஆறு ஒன்று, லாரியும் ஒன்று. காலையில் பிரிக்பீல்ட்ஸில் ஏற்றும் இடிபாடு நண்பகலில் கிள்ளான் பக்கம் ஓர் ஒதுக்குப்புற நிலத்தில் இறங்கினால், எந்தக் கணக்கில் எழுதுவது? ஒரு திட்டத்தின் அறிக்கையில் 'அகற்றப்பட்டது' என்ற சொல் வந்தால், எங்கே இறக்கப்பட்டது என்ற சீட்டையும் கேட்காமல் மதிப்பெண் இடலாகாது.

இடிக்காதவை

ஏணியின் மேற்படிகளில் நிற்பவை இடிக்காமல் விட்ட கட்டடங்களே. கோலாலம்பூர் பழைய புகைவண்டி நிலையத்தின் எதிரிலுள்ள மெஜஸ்டிக் விடுதி 1932இல் எழுந்தது. 1984 முதல் 1998 வரை அது தேசிய ஓவியக் கூடமாக இருந்தது; 2012இல் மறுபடி விடுதியாயிற்று. ஒரே சுவர்கள் மூன்று வாழ்வு வாழ்ந்துள்ளன. சென்ட்ரல் மார்க்கெட்டு காய்கறிச் சந்தையாயிருந்து, இடிபடும் நிலையிலிருந்து 1980களில் மீட்கப்பெற்றுக் கலைப்பொருள் அங்காடியாயிற்று. கிள்ளானில் 1857இல் எழுந்த ராஜா அப்துல்லாவின் ஈயக் கிடங்கு, பின்னர் போலீசு நிலையமாகவும் அருங்காட்சியகமாகவும் பயன்பட்டது. மாறாக, ஜாலான் அம்பாங்கில் 1929இல் கட்டி முடித்த போக் மாளிகையை 2006 டிசம்பரில் இடித்தனர். 1895 முதல் நின்ற பூடு சிறைச்சாலையின் சுவர்கள் 2010இல் வீழ்ந்தன. வாயில் மட்டும் எஞ்சியது. அவ்வாயிலைக் காணும்போதெல்லாம், ஒரு நூலின் அட்டையை மட்டும் நூலகத்தில் வைத்திருப்பது போல் எனக்குத் தோன்றுகிறது.

இங்கே ஓர் இடர்ப்பாட்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் காரைக்குடியின் முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. செட்டிநாட்டு மாளிகைகளைப் பிரித்தெடுத்த பர்மாத் தேக்குத் தூண்களும், செதுக்கிய நிலைக்கதவுகளும், ஓடுகளும், எனாமல் பாத்திரங்களும் அங்கே விலையாகின்றன. மலாயாவிலும் பர்மாவிலும் ஈட்டிய செல்வத்தால் எழுந்த மாளிகைகள் அவற்றுள் பல. ஒரு தூண் சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு விடுதியின் முற்றத்தில் மறுவாழ்வு பெறுகிறது. பொருளை மட்டும் நோக்கும் எந்தச் சூத்திரமும் இதற்கு உயர்ந்த மதிப்பெண் இடும். மரம் மரமாகவே திரும்பியதன்றோ? ஆனால் மாளிகை இல்லை. தூண்கள் வாழ வீடு செத்தது. பொருளின் சுழற்சியும் கட்டடத்தின் வாழ்வும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நான் அறியேன். வாரிசுகள் பலராகி, பராமரிக்க இயலாது கைவிட்ட வீட்டின் தூணை மண்ணில் மக்கவிடுவதைவிட விற்பது மேல். வாழத் தக்க வீட்டைத் தூணின் விலைக்காகப் பிரிப்பது கேடு. இரண்டையும் ஒரே மதிப்பெண்ணால் குறிக்கும் அளவுகோல் நமக்குப் போதாது.

சுழலக் கூடாதவையும் உண்டு. பழைய தோட்டக் குடியிருப்புகளிலும் பள்ளிகளிலும் கல்நார் கலந்த சிமிண்டுத் தகடுகள் கூரையாயிருந்தன. அவற்றை உடைத்தால் எழும் நார்த்தூசி நுரையீரலைக் கெடுக்கும். அத்தகட்டைக் கோழிக் கூட்டிற்கென்று எடுத்துச் செல்வதும் மறுபயன்தான். ஆனால் தடுக்க வேண்டிய மறுபயன். ஈயம் கலந்த பழைய வண்ணப் பூச்சு கொண்ட கதவுகளையும் அவ்வாறே எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். நல்ல மதிப்பீடு, திரும்பியதற்குப் புள்ளி தருவதோடு, திரும்பக் கூடாததைப் பிரித்து ஒதுக்கியதற்கும் புள்ளி தர வேண்டும்.

எழுதி வைத்தல்

மரத்தில் வைரம் பாய்ந்ததா, கல் எந்தச் சூளையது, சுவரில் எந்தச் சாந்து என்பன கட்டியவருக்குத் தெரியும்; இடிப்பவருக்குத் தெரியாது. இடைப்பட்ட அறுபது ஆண்டில் ஏடு தொலைந்துவிடுகிறது. அதனால்தான் நல்ல பொருளும் குப்பையோடு போகிறது. நெதர்லாந்தில் 2017 முதல் இயங்கும் மடாஸ்டர் என்னும் அமைப்பு, ஒவ்வொரு கட்டடத்திற்கும் 'பொருட் கடவுச்சீட்டு' ஒன்றை எழுதி வைக்கிறது. எந்த இடத்தில் எந்தப் பொருள் எவ்வளவு உள்ளது, எவ்வாறு கழற்றுவது என்பன அதில் அடங்கும்.

தமிழருக்கு இவ்வெண்ணம் முற்றும் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் பழைய கோயில்களைக் கற்றளிகளாக்கியபோது, அங்கிருந்த பழங்கல்வெட்டுகளை வீசிவிடவில்லை. திருக்கோடிகாவில் பழைய கற்களில் இருந்த கொடைகளைப் புதிய சுவரில் மறுபடி வெட்டச் செய்து, இது முன்னைய கல்லின் படி என்ற குறிப்பையும் சேர்த்தனர். கல் மாறினும் கணக்கு மாறவில்லை. அக்கல்வெட்டுகள் நிலமும் பொன்னும் பற்றியவை, கட்டுமானப் பொருளைப் பற்றியவை அல்ல என்பது உண்மை. ஆயினும் ஒரு கட்டடம் போய் மற்றொன்று வரும்போது பழையதன் பதிவைப் புதியதன் உடலிலேயே வைக்க வேண்டும் என்ற உணர்வு அங்கே இருக்கிறது. இன்றைய நகராட்சிக் கோப்பில் அது இல்லை.

இப்பொருளைத் தமிழாசிரியர்க்கு ஏன் எழுதுகிறேன் எனில், இடிபடப்போகும் கட்டடங்களுள் நம் கையிலும் சில உள்ளன. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல வீடமைப்பு நகரங்களாயின. சீபீல்டு தோட்டம் 1976 முதல் சுபாங் ஜெயாவாக வளர்ந்ததை அறிவோம். தோட்டப் பள்ளிகள் பல புதிய மனைகளுக்கு மாறின. மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு பழைய கட்டடம் பின்னால் நிற்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன், அதாவது இயந்திரம் வருமுன், நிருவாகக் குழுவும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சிலவற்றைக் கேட்கலாம். இக்கட்டடத்தை இடிக்கத்தான் வேண்டுமா. ஒரு பகுதியை நூலகமாக்க இயலாதா? சுவரின் சாந்து சுண்ணாம்பா, சிமிண்டா? ஓர் ஆணியால் சுரண்டினாலே ஓரளவு தெரிந்துவிடும். கூரை மரத்தைக் கழற்ற எத்தனை நாள் ஒப்பந்தத்தில் ஒதுக்கப்பட்டுள்ளது? இரண்டு நாள் என்றால் எவ்வளவு நல்ல எண்ணமிருந்தும் மரம் உடைந்தே தீரும். கூரைத் தகட்டில் கல்நார் உண்டா என்று சோதித்தது யார்? லாரி எங்கே இறக்கும்?

இவற்றுள் நாள் பற்றிய கேள்வியே மற்ற எல்லாவற்றையும்விடப் பயனுடையது என்று கருதுகிறேன். பொருள் வீணாவது பெரும்பாலும் அறியாமையால் அன்று, அவசரத்தால். பிரிப்பதற்கு மூன்று வாரம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ந்தால், பழைய மரக்கடைக்காரர் தாமே தேடி வருவார். அவ்வரி இல்லையேல், பின்னர் எத்தனை குறியீடு போட்டு அளந்தாலும் அளப்பதற்கு முழுக் கல் ஒன்றும் இராது.

ஐந்தாம் ஆறாம் வகுப்பு மாணவர்க்கு இதனை ஒரு கணக்குப் பயிற்சியாகவும் ஆக்கலாம். வகுப்பறைச் சுவரின் நீளம், உயரம், கனத்தை அளந்து கன அளவு காணச் செய்க. சாந்தோடு சேர்த்து ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 500 கற்கள் என்று கொண்டு, சுவரில் எத்தனை கற்கள் என்று கணிக்கட்டும். சன்னல், கதவு, கைமரம், ஓடு ஆகியவற்றை எண்ணி ஏட்டில் எழுதட்டும். அந்த ஏடு பள்ளியின் அலமாரியில் இருந்தால், அதுவே அக்கட்டடத்தின் முதற் கடவுச்சீட்டு.